பதினோரு கோளாறுகள்

கத்துகிறவர்களுக்கு நான் பயப்படுவதில்லை. திருச்சியில், உறவுத் தேடல் புகார்ப் பிரிவில் ஆறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அதெல்லாம் பழகிவிடும். மேசையைத் தட்டுவார்கள், மந்திரிக்குத் தெரிந்தவன் என்பார்கள், போய்விடுவார்கள். கும்பிட்டுவிட்டு நிற்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆடி மூன்றாம் தேதி காலை என் முன்னால் வந்து நின்ற ஆள் அந்த ரகம்.

"வணக்கமுங்க. உங்க மெஷின்ல ஒரு கோளாறுங்க. சரி பண்ணிக் குடுக்கோணும்."

உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பெயர் மௌலீஸ்வரன். நாற்பது வயதிருக்கும். ஈரோட்டுப் பக்கத்தில் போர்வெல் லாரி வைத்துத் தொழில். மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட தாள். மாநிலத்தில் தேடல் இயந்திரத்தோடு இணைத்த இருநூற்றுப் பன்னிரண்டு அரசு மருத்துவமனைகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன.

"எந்தங்கச்சி சம்யுக்தா. ரெண்டு வருசமாக் காணோமுங்க. போன வாரம் ஒரு நாள் பூரா பஸ் ஸ்டாண்டு மெஷின்லயே குந்தியிருந்து அத்தனை ஆஸ்பத்திரியும் போட்டுப் பாத்தனுங்க. இருநூத்தி ஒண்ணுல 'பதிவு இல்ல'ங்குது. செரி, இல்லீன்னா இல்ல. இந்தப் பதினொண்ணுல மட்டும் 'தொழில்நுட்பக் கோளாறு, பிறகு முயலவும்'ங்குது. அதுல ஏதோ ஒண்ணுல அவ கெடந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?"

பதினோரு பெயர்களுக்கும் சிவப்பு மையில் வட்டம். அது என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

உறவுத் தேடல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெருவெள்ளம் வந்த வருடம் பெற்றவர்களும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததைப் பார்த்துவிட்டு அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத்திலும் இயந்திரம் இருக்கும். மருத்துவமனைப் பதிவிலிருந்து கடை, பேருந்து வரை எல்லாவற்றுக்கும் வைக்கிற உள்ளங்கையை இதிலும் வைத்து, உறவினர் பெயரைச் சொல்லி, மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால், அங்கே அவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று சொல்லும். தாய், தகப்பன், உடன்பிறந்தவர் யாரும் கேட்கலாம். இரண்டாவது வருடம்தான், வீட்டை விட்டு ஓடிக் கல்யாணம் செய்துகொண்டவர்களையும் இப்படித் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மூன்று பேர் செத்த பிறகு மறைபட்டியல் என்று ஒன்று வந்தது. நீதிமன்றம் சொன்னால் அதில் பெயர் ஏறும். ஏறிவிட்டால், அந்த ஆளைப் பற்றி யார் கேட்டாலும் எந்த இயந்திரமும் வாயைத் திறக்கக் கூடாது. மருத்துவமனை அட்டையில்கூடப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

மௌலீஸ்வரன் போன பிறகு மையக் கணினியில் சம்யுக்தாவைத் தேடினேன். மறைபட்டியலில் இருந்தாள். காதலித்த எபினேசரைக் கட்டிக்கொண்ட மறுமாதமே அவன் கை எலும்பை இரண்டு இடத்தில் முறித்திருக்கிறார்கள். யார் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. அண்ணன் பெயர் அவளுடைய நீதிமன்ற மனுவில் நான்கு இடங்களில் வருகிறது. இப்போது அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. இரத்த அழுத்தம் அதிகம், அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்று மருத்துவர் குறித்திருந்தார். அவள் பதிவு இருந்த மருத்துவமனை அந்தப் பதினொன்றில் ஒன்று. ஊர்ப் பெயரை இன்றைக்கும் எழுத மாட்டேன்.

ஓடிப் போய் எங்கள் இணை இயக்குநர் வைத்தியலிங்கத்தின் அறையில் நின்றேன். நல்ல மனிதர்தான். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது, அந்த ஒன்றரை வருடத்தை எதிலும் இடிக்காமல் ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது மட்டுமே அவருடைய லட்சியம்.

"என்ன தமயந்தி, மறுபடியும் அந்த வாக்கியமா?"

"வாக்கியம் இல்ல சார். பொண்ணு உயிரு."

"ரெண்டுமே ஒண்ணத்தானே சொல்லுது? பதிவு இல்லைன்னாலும் ஆளு கெடைக்கல. கோளாறுன்னாலும் ஆளு கெடைக்கல."

"சார், உங்க தெருவுல ஒருத்தன் அரிவாளோட வந்து உங்க மருமகன் இருக்காரான்னு வீடு வீடா கேக்குறான்னு வைங்க. எல்லா வீட்டுலயும் 'இல்லீங்க'ன்னு சொல்றாங்க. உங்க வீட்டுல மட்டும் பதிலே சொல்லாம படார்னு கதவச் சாத்துறாங்க. அவன் எந்த வீட்டு வாசல்ல நிப்பான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் நம்ம மெஷின் கதவச் சாத்துது?"

"ஆஸ்பத்திரி மென்பொருள மூணு கம்பெனி எழுதுச்சு. பதிவு இல்லாட்டி என்ன சொல்லணும்னு மூணு பேரும் மூணு விதமா எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தன் 'பதிவு இல்லை', இன்னொருத்தன் 'பதிவு காணப்படவில்லை', மூணாவது ஆளு 'இங்கே இல்லை'. ஆனா மறைபட்டியல் 'சொல்லாதே'ன்னு தடுத்தா என்ன பண்ணணும்னு ஒருத்தனும் எழுதல. அதனால அந்த எடத்துல அப்படியே மடங்கி விழுந்து கோளாறுன்னு சொல்லிடுது. எலி வயரக் கடிச்சாலும் கோளாறு, அந்தப் பொண்ணு இருந்தாலும் கோளாறு."

"அப்ப நல்லதுதானே? எது எலி, எது பொண்ணுன்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"

"நாளைக்கு மறுபடியும் பார்த்தான்னா தெரியும் சார். எலி கடிச்சது மாறும். இன்னிக்கு இந்த ஊரு, நாளைக்கு வேற ஊரு. அவ இருக்குற ஊரு மட்டும் மாறாது. நாலு நாள் பார்த்தாப் போதும். நான் இதப் போன வருசமே எழுதிக் குடுத்தேன்."

எழுதிக் கொடுத்திருந்தேன். 'சொல்லழகு சார்ந்த கோரிக்கை, அவசரமில்லை' என்று திரும்பி வந்திருந்தது. கையெழுத்து அவருடையதுதான்.

"ஆவணி ஒண்ணாந்தேதி மந்திரி புது மென்பொருளத் தொடங்கி வைக்கிறார். அதுல எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"அதுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு சார்."

"ஆடியில எதையும் ஏத்தக் கூடாதுன்னு மேலிடத்து வாய்மொழி உத்தரவு இருக்குறது உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. முந்தின வருடம் ஆடி வெள்ளியில் ஏற்றிய மென்பொருள் இரண்டு நாள் மாநிலத்தையே படுக்கப் போட்டது. சோதித்துப் பார்க்காமல் ஏற்றியதால் படுத்தது. ஆனால் துறையில் எல்லோரும் மாதத்தின் மேல் பழியைப் போட்டார்கள். கணினி அறையில் பூசணிக்காய் உடைத்தார்கள். அன்றிலிருந்து ஆடி பிறந்தால் யாரும் எதையும் தொடுவதில்லை. வானத்துக்கு ராக்கெட் விடுகிற படிப்புப் படித்தவர்கள் நாங்கள்.

"இது புதுசு இல்ல சார், ரிப்பேரு. ரிப்பேருக்கு ஆடி ஆவணி உண்டா?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "ரிப்பேருன்னா நம்ம மையக் கணினியில மட்டும் பண்ணிக்க. இருநூத்திப் பன்னெண்டு ஆஸ்பத்திரியிலயும் கை வைக்காத. நான் இதப் பார்க்கல."

அனுமதி கிடைத்துவிட்டது. மௌலீஸ்வரனுக்குப் போன் செய்து, வேலை நடக்கிறது, நாங்கள் சொல்லும் வரை இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்றேன். "நீங்க சொல்லி அனுப்புங்க, அதுவரைக்கும் தொடமாட்டனுங்க" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதுதான் எனக்குக் கிடைத்த அவகாசம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். வைத்தியலிங்கம் செய்ததில்லை, கம்பெனிகள் செய்ததில்லை.

இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொரு மருத்துவமனையும் எந்தக் கம்பெனியுடையது என்று பார்த்து, அந்தந்தக் கம்பெனியின் 'இல்லை'யை அப்படியே காப்பியடித்து மையத்திலிருந்து அனுப்புவது முதல் வழி. பார்க்கச் சகிக்காத வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளைக் கையால் கட்ட வேண்டும். மூன்று கம்பெனிகளின் அரைகுறைத் தமிழையும் என் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும், அதுவும் நான்கு வாரத்தில் தூக்கிப் போடப்போகிற ஒன்றுக்காக. இரண்டாவது வழி, ஆவணியில் எல்லா இடத்துக்கும் வரப்போகிற புது வாக்கியத்தை மறைபட்டியல்காரர்களுக்கு மட்டும் இப்போதே வைத்துவிடுவது. 'தாங்கள் தேடும் உறவினர் குறித்த விவரம் இம்மருத்துவமனையில் இல்லை.' அது நான் எழுதிய வாக்கியம். அதற்காக மூன்று குழுக்களிடம் ஒரு வருடம் மல்லுக்கட்டியிருந்தேன். அழகாக இருந்தது. மரியாதையாக இருந்தது.

மற்ற பதில்களுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியுமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. போர்வெல் வண்டிக்காரர் வாக்கியத்தின் நீளத்தையா பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவருக்குக் கோளாறு போனால் போதும், எல்லாம் 'இல்லை'யாகிவிட்டால் ஆள் அடங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தேன். மற்ற பத்து மருத்துவமனைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பேசி, வயர் மாற்றச் சொல்லி, கணினியை அணைத்துப் போடச் சொல்லி, உண்மையான கோளாறுகளையும் ஒன்று விடாமல் சரிசெய்தேன். ஆடி பதினெட்டாம் தேதி புகாரை முடித்து, 'கோளாறு நீக்கப்பட்டது' என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோருக்கும் நானே காபி வாங்கிக் கொடுத்தேன்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் வந்தார். கையில் ஒரு மைசூர்பாக்கு டப்பா.

"எடுத்துக்கோங்க. அரசாங்க ஆபீசுல ஒரு புகாருக்கு இத்தனை வெரசா வேல நடந்து நான் பாத்ததில்லீங்க."

"எங்க கடமைதானே சார்."

"பதினோரு கோளாறும் போயிருச்சுங்க. நேத்து மறுபடியும் பூராவும் போட்டுப் பாத்தனுங்க." அதே தாளை விரித்தார். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி. "உங்க மெஷின்ல மூணு தினுசு 'இல்ல' இருக்குதுங்க. அது எனக்கு முன்னாடியே தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வெச்சிருக்கறன் பாருங்க. நேத்து நாலாவதா ஒண்ணு வந்துச்சு. நீட்டமா, தாங்கள் கீங்கள்னு மருவாதியா. ஒரே ஒரு ஊர்ல மட்டும்."

ஒரு பெயரைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம்.

"அது புது மென்பொருள் சார்." வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அந்த ஆஸ்பத்திரியில மட்டும் சோதனைக்குப் போட்டிருக்கோம். யாரைத் தேடினாலும் அங்க அப்படித்தான் வரும்."

"அப்படிங்களா." எழுந்து, அறை மூலையில் பொதுமக்களுக்காக நாங்கள் வைத்திருக்கும் இயந்திரத்துக்குப் போனார். உள்ளங்கையை வைத்தார். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். செத்துப்போன தன் தகப்பனார் பெயரைச் சொன்னார்.

'பதிவு இல்லை' என்றது இயந்திரம்.

அதே ஊருக்குத் தங்கை பெயரைச் சொன்னார். நான் எழுதிய வாக்கியத்தை, நான் தேர்ந்தெடுத்த பெண் குரலில், இயந்திரம் நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"போர் போடறப்ப தண்ணி எங்க இருக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பைப்புல மேல வர்ற மண்ணு நெறம் மாறும். அதப் பாத்துத்தானுங்க தெரிஞ்சுக்கறது. இருபது வருசமா அந்த ஒரு வேலதான் பாக்கறேன்."

"அவள விட்டுருங்க சார்." நான் சொல்லக் கூடாது. சட்டப்படி அவள் இருப்பதையே நான் ஒத்துக்கொள்ளக் கூடாது. வாயை மீறி வந்துவிட்டது. "வயித்துல புள்ளையோட இருக்கா."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை அவருக்கு அது தெரியாது. ஊர் ஏற்கெனவே கையில் இருந்தது, மிச்சத்தையும் நானே கொடுத்துவிட்டேன்.

"புள்ளையா" என்றார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு, வந்தபோது கும்பிட்டதைப் போலவே கும்பிட்டுவிட்டுப் போனார். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பாதுகாப்புப் பிரிவு ஆய்வாளருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "சரி மேடம், அவர் என்ன தப்புப் பண்ணாரு?" என்றார்.

"தேடிக் கண்டுபிடிச்சுட்டாரு."

"தேடுங்கன்னுதானே ரேஷன் கடை வாசல்ல மெஷின் வச்சிருக்கீங்க? மிரட்டினாரா? ஆயுதம் வச்சிருந்தாரா? ஸ்வீட்டுக் குடுத்தாருங்கறீங்க. எழுத்துல அனுப்புங்க, பார்க்கறோம்."

இரத்த அழுத்தம் கூடி அவளை வார்டில் சேர்த்திருந்தது பதிவில் தெரிந்தது, மருத்துவமனைக்குப் போட்டேன். பிரசவ வார்டில் ஒரு செவிலியர் எடுத்தார். அவர் பேச்சு எந்தப் பக்கத்துப் பேச்சு என்பது தெரியக் கூடாது, அதனால் என் பேச்சிலேயே எழுதுகிறேன். "சம்யுக்தான்னு யாரும் இல்லங்க. கம்ப்யூட்டர்ல தேடினா, 'தாங்கள் தேடும் உறவினர் குறித்த விவரம்'னு..."

"தெரியும்மா, தெரியும். அத வாசிக்காதீங்க. அட்டையில பேரு இல்லாம நம்பர் மட்டும் இருக்குற பொண்ணு யாராவது இருக்காங்களா? எட்டு மாசம். பிரஷர் இருக்கும்."

"நீங்க யாரு?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லிப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் மௌலீஸ்வரன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் போனை வாங்கிப் பேசியது அவளேதான். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் சம்யுக்தா. அண்ணனைப் போலவே நிதானமான குரல்.

"அவர் மொத மொத வந்த அன்னிக்கே."

"அது என்னிக்குங்க?"

"பதினேழு நாளாச்சு."

"பதினேழு நாளு." அவள் மூச்சு இரைத்தது. "பதினேழு நாளா ஒரு போன் பண்ணோணும்னு தோணலியா உங்களுக்கு?"

"சரி பண்ணிட்டா சொல்லவே வேண்டியதில்லைன்னு நெனச்சேன்ம்மா."

"நீங்க மெஷினப் பாத்தீங்க. நான் ஒருத்தி இருக்கறது உங்களுக்குத் தெரியல." பக்கத்தில் யாரோ அழும் சத்தம், எபினேசராக இருக்கலாம். "போன தடவ கோர்ட்டுல, 'பட்டியல்ல ஏறிட்டீங்கல்ல, இனிப் பயப்படாதீங்க'ன்னு சொன்னாங்க. நம்பிக் கையை வெச்சனுங்க. இனிச் செத்தாலும் உங்க மெஷின்ல கை வெக்க மாட்டேன்."

"ஆஸ்பத்திரி வேணும்மா உனக்கு. ஆபரேஷன்னு எழுதியிருக்கு. வேற மாவட்டத்துல பதிவு..."

"பதிவா?" என்றாள். போனைச் செவிலியர் கையில் கொடுத்துவிட்டாள். அவர்தான் பிறகு சொன்னார். கையிலிருந்த ஊசிக் குழாயைத் தானே பிடுங்கிக்கொண்டு, புருஷன் தோளைப் பிடித்தபடி பின்வாசல் வழியாகப் போனாளாம். எண் அட்டை கட்டிலில் கிடந்ததாம்.

அவர்கள் போன ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தாராம். தங்கச்சியைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாராம். காலியாக இருந்த கட்டிலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பழத்தைப் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுக்க அன்றைக்கும் எதுவும் நடக்கவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி விழா நன்றாக நடந்தது. மந்திரி பொத்தானை அழுத்தினார். இருநூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளும் ஒரே குரலில் ஒரே வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கின. செத்தவர், பிறக்காதவர், ஒளிந்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே பதில். போன வருடமே செய்திருக்க வேண்டியது. வைத்தியலிங்கத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிடிக்காமல் அலமாரியில் திணித்தேன்.

எட்டாம் நாள் ஓர் அம்மா வந்தார். அறுபதுக்குள்தான் இருக்கும். நடந்து களைத்திருந்தார். பெயரைக் கேட்டேன்.

"சாந்தாமணிங்க. சம்யுக்தாவோட அம்மா."

நான் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். வண்டி எதுவும் நிற்கவில்லை. அதனால் என்ன, அடுத்த தெருவில் நிறுத்தியிருக்கலாம். "உங்க மகன் அனுப்பினாரா?" என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவனுக்குத் தெரியாதுங்க. கோயிலுக்குன்னு சொல்லிப்போட்டு வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்த மெஷினு ஏனுங்க இப்ப எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பேசுது?"

"புதுசா மாத்தியிருக்கோம்மா. இனிமே அப்படித்தான்."

"அந்த ஊர்ல கோளாறு வருமுல்லங்க, அது ஏன் வர்றதில்ல?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எந்த ஊர்ல?"

பெயரைச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

"எட்டு மாசமா ரேசன் கடை மெஷின்ல தெனமும் அமுக்குவனுங்க. மொதல்ல எல்லா ஊருந்தான் பாத்தேன். கோளாறுன்னு பத்து ஊரு வரும், மக்யா நாளு வேற பத்து வரும். இது ஒண்ணு மட்டும் மாறாதுங்க. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். பொறவு புரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் அந்த ஒரு ஊர மட்டும் அமுக்குவேன். கோளாறுன்னு வந்துச்சுன்னா, செரி, புள்ள இருக்கறான்னு ஊட்டுக்கு வந்து சோறு உங்குவேன்."

இந்த அம்மாவுக்கு எத்தனையோ மாதம் முன்பே தெரிந்திருக்கிறது. துறையில் படித்தவர்கள் எழுதிக்கொடுத்தும் புரியாத ஒன்று.

"உங்க மகன்கிட்டச் சொல்லலியா?"

"சொல்லுவனுங்களா? கொன்னு போடுவான்." சாதாரணமாகச் சொன்னார். "நான் தெனமும் அங்க போறதப் பாத்துப்போட்டுத்தான் அவனும் மெஷின்ல குந்துனான். அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? போகாம இருக்க முடியலீங்களே."

என்னிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்திருந்தால் அன்று சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மகன் அடுத்த தெருவில் நிற்கிறார் என்ற சந்தேகம் எனக்குக் கடைசி வரை போகவில்லை. ஆனால் சொல்ல ஒன்றுமில்லை. சம்யுக்தா அதற்குப் பிறகு எந்த மருத்துவமனையிலும், எந்தக் கடையிலும், எந்தப் பேருந்திலும் உள்ளங்கையை வைக்கவில்லை. நாள் கணக்குப்படி பிரசவம் அந்த வாரம்தான். எங்கே, யார் கையில், நல்லபடியாக நடந்ததா என்று மையக் கணினிக்கும் தெரியாது.

"இருக்காளாங்க?" என்றார் அந்த அம்மா. "அத மட்டும் சொல்லுங்க. எந்த ஊருன்னு கேக்க மாட்டேன்."

"தெரியாதும்மா."

"தெரியாதா, சொல்லக் கூடாதா?"

நான் பதில் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அவர் அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்வார் என்று பயமாக இருந்தது. பேசாமல் இருந்ததிலிருந்தும் ஏதோ தெரிந்துகொண்டார் போலிருந்தது. அது தவறாகவும் இருக்கலாம்.

எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "புகாரு எழுதிக்கோங்க."

"என்னன்னு எழுதறது?"

"மெஷின்ல கோளாறு வர்றதில்லீன்னு எழுதுங்க. பழைய மாதிரி கோளாறு வரோணும்னு எழுதுங்க."

எழுதினேன். விரல் ரேகை வாங்கினேன். ரசீது கொடுத்தேன். அதை மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனார். சட்டப்படி பதினைந்து நாளில் நான் பதில் அனுப்ப வேண்டும். இன்றோடு பதினான்கு நாளாகிறது. காலையில் ரேஷன் கடை இயந்திரத்தின் பதிவைப் பார்த்தேன். இன்றைக்கும் வந்து அமுக்கியிருக்கிறார்.